540 கிராமா, 520 முதல் 560 வரையா? என்ன எழுதுவது?

வணக்கம். புள்ளியியல் தெரிந்தவர்கள் கொஞ்சம் கைகொடுங்கள்.

கல்லூரி ப்ராஜெக்டுக்காக எங்கள் தோப்பில் உரித்த தேங்காய் 36 எடுத்து எடை போட்டேன். ("எண்ணி விக்கிற காய்க்கு எதுக்குடா தராசு?" என்று அப்பா சிரித்தார்.) சராசரி 540 கிராம், திட்ட விலக்கம் (காய்க்குக் காய் எடை சராசரியிலிருந்து விலகும் அளவு) 60. தோப்பு முழுவதன் சராசரியும் 540 என்று ஒரே எண்ணாகச் சொன்னால் அது புள்ளி மதிப்பீடு. அதுவரை சரி. ஆனால் வேறு 36 காய் எடுத்திருந்தால் 531 வந்திருக்கலாம், 552 வந்திருக்கலாம். அந்த ஆட்டம் எவ்வளவு என்று 540 மட்டும் சொல்லாது. அதனால் 60-ஐ 36-இன் வர்க்கமூலமான 6-ஆல் வகுத்தேன். திட்டப் பிழை, அதாவது மாதிரிக்கு மாதிரி சராசரி ஆடும் அளவு, 10. அதை 95 சதவீதத்துக்கான எண்ணான 1.96-ஆல் பெருக்கி இருபுறமும் வைத்தால் சுமார் 520 முதல் 560 வரை. இது 95% இடைவெளி மதிப்பீடு.

சிக்கல் இங்கேதான். "உண்மையான சராசரி இதற்குள் இருக்க 95% வாய்ப்பு" என்று எழுதினேன், ஆசிரியர் அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டார். இதே முறையில் திரும்பத் திரும்ப மாதிரி எடுத்தால், கிடைக்கும் இடைவெளிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உண்மையைப் பிடிக்கும், அவ்வளவுதான் என்கிறார். அப்படியானால் என் கையில் இருக்கும் இந்த ஒற்றை இடைவெளியைப் பற்றி என்னதான் எழுதுவது? ஒரு வாக்கியம் சொல்லுங்கள்.

அப்புறம், 1.96-க்குப் பதிலாக டி அட்டவணையிலிருந்து (திட்ட விலக்கத்தையும் மாதிரியிலிருந்தே கணிக்கும்போது பார்ப்பது) 2.03 போடச் சொல்கிறார் ஒரு நண்பர். ஒரு கிராம்கூட மாறவில்லையே, அவசியமா? வெள்ளிக்கிழமை வைவா.