எடை குறைந்த ஸ்ட்ரோலர் நம்ம ஊர்த் தெருவுக்குத் தாங்குமா?

வணக்கம். பாப்பாவுக்கு ஏழு மாதம், நன்றாக உட்காருகிறாள். தினமும் வெளியே கூட்டிப்போக ஒரு ஸ்ட்ரோலர் வாங்க வேண்டும். மேற்கு மாம்பலத்தில் லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடி எங்களுடையது. அதனால் 6, 7 கிலோவுக்கு மேல் வேண்டாம். ஒரே கையால் மடக்கலாம் என்று எல்லா விளம்பரமும் சொல்கிறது; இடுப்பில் குழந்தையோடு நிஜமாகவே முடிகிறதா?

பெரிய கவலை சக்கரம்தான். எடை குறைந்த வண்டிகளில் பெரும்பாலும் சின்னச் சக்கரம்தான் வருகிறது. பாண்டி பஜார் நடைபாதையில் வழுக்கிக்கொண்டு போகும், சரி. எங்கள் தெருவில் பள்ளம், வடிகால் மூடி, குறுக்கே நிற்கும் பைக் எல்லாவற்றையும் தாண்ட வேண்டுமே! முன்சக்கரம் மாட்டிக்கொள்கிறதா? கைப்பிடியில் காய்கறிப் பையை மாட்டினால் வண்டி பின்னால் சாயும், அதனால் அடியில் கூடையும் வேண்டும்.

தோள், இடுப்பு, கால் நடுவே என்று ஐந்து இடத்தில் பிடிக்கும் பெல்ட் இல்லாததைப் பார்க்கப்போவதே இல்லை. முதுகுப்பக்கம் வலைத்துணி உள்ளது எது? (வெயிலுக்கு மேலே துணி போட்டு மூடச் சொல்கிறார் மாமியார். உள்ளே சூடு ஏறிவிடும் என்று மறுத்துவிட்டேன்.)

அப்புறம், மடக்கினால் ஆட்டோவில் கால்மாட்டில் அடங்குமா? கொஞ்ச காலம் ஓட்டிப் பார்த்தவர்கள் மாடல் பெயரோடு சொல்லுங்கள். தி.நகர், புரசைவாக்கம் பக்கம் தள்ளிப் பார்த்து வாங்க விடும் கடை இருந்தாலும் சொல்லுங்கள்.