ஈறு, எச்சில், சர்க்கரை: தினமும் பார்ப்பவர்கள் எழுதுங்கள்

ஈறு சிகிச்சை (இழையைத் தொடங்கியவர்):
வாய்க்குள் இருக்கும் பாக்டீரியா பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றுவதெல்லாம் 'கொப்பளி, கொல்லு' ரகம். சொந்தக் கதை வேண்டாம். திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது என்ன, எதனால், அளவு எவ்வளவு, எங்கே தப்புகிறது, இதை மட்டும் எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

ஈறில் ரத்தம் கண்டதும் பலரும் செய்வது, அந்த இடத்தைத் தொடாமல் விடுவது. கோளாறே அங்குதான். பல் தேய்த்த சில நிமிடங்களில் எச்சிலின் புரதம் பல்மேல் மெல்லிய தோலாகப் படிகிறது. அதில் முதலில் ஒட்டுபவை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகையறா, பெரும்பாலும் சாதுக்கள். கலைக்காமல் விட்டால் ஃபியூசோபாக்டீரியம் வந்து பாலம் போடும். ஆக்சிஜன் ஆகாத போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் அடியில் குடியேறும். 1965-இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸில் ஹரால்ட் லோ குழுவினர் 12 பேரைப் பல் தேய்க்காமல் இருக்க வைத்தார்கள். 10 முதல் 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி. மறுபடி தேய்த்ததும் ஒரு வார அளவில் அடங்கியது.

ஆகவே ரத்தம் வரும் இடத்தைத்தான் கவனித்துத் தேய்க்க வேண்டும். மென்மையான பிரஷ், பல்லும் ஈறும் சேரும் கோட்டில் 45 டிகிரி சாய்வு, நின்ற இடத்திலேயே சின்ன அசைவு, மொத்தம் 2 நிமிடம். இடுக்குப் பிரஷ் வாங்கும்போது முடி இறுக்கமாக நுழைய வேண்டும், கம்பி பல்லில் உரசக் கூடாது. இரண்டு வாரத்திலும் ரத்தம் நிற்கவில்லையா, பெரும்பாலும் ஈறுக்கடியில் காரை, அதாவது கல்லாக இறுகிய படலம், இருக்கும். பிரஷ் அதை எடுக்காது.

சமூகப் பல் மருத்துவம்:
லோ பெயர் வந்ததால் ஒன்று. அவரது குழு 1970 முதல் 1985 வரை இலங்கையின் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களைத் தொடர்ந்து பார்த்தது. பிரஷ் அறியாதவர்கள்; பல் சிகிச்சையும் கிடையாது. எல்லார் பல்லிலும் படலம், காரை, ஈறு அழற்சி. ஆனால் பல்லைத் தாங்கும் இணைப்பு வேகமாக அழிந்தது 8 சதவீதத்தினருக்கு. 81 சதவீதம் மிதம். 11 சதவீதத்தினருக்கு நோய் ஈறு அழற்சியைத் தாண்டவே இல்லை. அழுக்கு ஒன்றுதான், உடம்பு காட்டிய எதிர்வினை வேறு. இன்னொன்றும் உண்டு: இத்தனைக்கும் சொத்தை மிகக் குறைவு. சொத்தை ஒரு பாக்டீரியாக் கூட்டத்தின் வேலை, ஈறு நோய் வேறொரு கூட்டத்தின் வேலை. 'எனக்குச் சொத்தையே இல்லை, ஈறு நல்லாத்தான் இருக்கும்' என்பது செல்லாது.

நுண்ணுயிர் ஆய்வகம்:
ஈறுப் பையிலிருந்து (பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள பள்ளம்) வரும் மாதிரிகளில் வீணாவதுதான் அதிகம். முதலில் பஞ்சுருளை வைத்து எச்சிலைத் தடுங்கள். ஈறுக்கு மேலே உள்ள படலத்தைத் துடைத்தெறியுங்கள். பிறகு காகிதக் குச்சியைப் பையின் அடிவரை விட்டு 10 நொடிக்குக் குறையாமல் வைத்து, நேராக ஆக்சிஜன் நீக்கிய கடத்து திரவத்தில் போடுங்கள். சாதாரண உப்புநீர்க் குப்பியில் போட்டு மதியம் வரை மேஜையில் வைத்தால் எங்களிடம் வந்து சேர்வது பிணம்.

வளர்க்க ரத்த அகர் (ரத்தம் கலந்த ஊட்டக் கூழ்), கூடவே ஹீமின், வைட்டமின் கே. 37 டிகிரி, ஆக்சிஜன் இல்லாத பெட்டி, 7 நாளுக்கு மேல். ஜிஞ்சிவாலிஸ் முதலில் வெளுத்த புள்ளியாகத்தான் வரும். ரத்தத்திலுள்ள ஹீம் என்ற இரும்புப் பொருளைச் சேர்க்கச் சேர்க்க ஓரத்திலிருந்து பழுப்பேறி, கடைசியில் கருஞ்சாந்துப் பொட்டு மாதிரி மின்னும். மூன்றாம் நாளே தட்டைத் திறந்து 'வளர்ச்சி இல்லை' என்று எழுதிவிடாதீர்கள்.

எச்சில் துப்பி அனுப்பும் மரபணுக் கிட் பற்றிக் கேட்பார்கள். எச்சிலில் மிதப்பவை பெரும்பாலும் நாக்கிலிருந்து உதிர்ந்தவை. கடைவாய்ப் பல்லின் 6 மில்லிமீட்டர் பையில் நடப்பதை அது சொல்லாது. அந்தக் காசில் ஒருமுறை ஈறு அளந்து பார்க்கலாம்.

ஈறு சிகிச்சை:
அளப்பதில் ஒரு பொறி. பையின் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை சரி, 4-லிருந்து கவனம், அளக்கும்போது ரத்தம் வந்தால் அழற்சி. ஆனால் பீடி, சிகரெட் பிடிப்பவருக்கு ரத்தம் அவ்வளவாக வராது. ஈறு வெளிறி இறுகி, நல்லபடி இருப்பதாகத் தோன்றும். ஆழத்தை நம்புங்கள்.

சர்க்கரை நோய் மருத்துவம்:
சர்க்கரையும் ஈறும் இருவழிப் பாதை. ஈறுக்கடியில் முறையாகச் சுத்தம் செய்தால் 3, 4 மாதத்தில் ஹெச்பிஏ1சி (சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை வைத்துச் சில மாதச் சராசரியைக் காட்டும் சோதனை) சராசரியாக 0.4 அளவு இறங்குகிறது, அதாவது 8.2 இருந்தது 7.8. ஒரு மாதத்திலேயே சோதித்து 'பலன் இல்லை' என்பவர்கள் உண்டு. சிவப்பணு மாற வேண்டும், 3 மாதம் பொறுங்கள். சுத்தம் செய்யும் நாளில் காலை உணவையும் மாத்திரையையும் விட்டுவிட்டு வரச் சொல்லாதீர்கள், நாற்காலியிலேயே சர்க்கரை ஏறும், இல்லை இறங்கும்.

ஈறு சிகிச்சை:
குளோர்ஹெக்ஸிடின் (கிருமிநாசினிக் கொப்பளிப்பு மருந்து): 0.2 சதவீதம், 10 மில்லி, 1 நிமிடம், இரண்டு வேளை, வழக்கமாக 2 வாரம். பேஸ்ட் போட்டுத் தேய்த்த கையோடு கொப்பளித்தால் நுரைப்பொருள் மருந்தைக் கட்டிப்போட்டுவிடும். அரை மணி இடைவெளி விடுங்கள். டீ குடித்தால் பழுப்புக் கறை நிச்சயம்.

மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள். கீரை, பீட்ரூட்டின் நைட்ரேட்டை நைட்ரைட்டாக்குவது நாக்கின் பின்புறம் வாழும் பாக்டீரியாதான். ரத்தக் குழாய் தளர அது வேண்டும். நலமாக இருந்த 19 பேர் 7 நாள் கிருமிநாசினி கொப்பளித்ததில் ரத்த அழுத்தம் 2 முதல் 3.5 புள்ளி ஏறியது.

'க்ளீன் பண்ணினா பல் ஆடும்' என்பதற்கும் பதில்: எலும்பு ஏற்கெனவே கரைந்த பல்லைக் காரை சிமெண்ட் மாதிரி பிடித்திருக்கும். எடுத்ததும் இருந்த ஆட்டம் தெரிகிறது, வீங்கிய ஈறு சுருங்கி இடைவெளி வெளிப்படுகிறது. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை மிச்சம்.

இதய மருத்துவம்:
செயற்கை வால்வு வைத்தவர், முன்பு எண்டோகார்டைட்டிஸ் (இதயத்தின் உட்சுவரில் கிருமித் தொற்று) வந்தவர் போன்ற அதிக ஆபத்துள்ளவர்களுக்கு மட்டும், பல் பிடுங்குவது, ஈறு சுத்தம் ஆகியவற்றுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு அமாக்ஸிசிலின் 2 கிராம், ஒரே வேளை, மருத்துவர் சீட்டோடு. பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முன்பு கிளிண்டமைசின் கொடுத்தோம். 2021 அமெரிக்க வழிகாட்டலில் அது நீக்கப்பட்டுவிட்டது.

முதியோர் பராமரிப்பு:
பல்செட்டை இரவில் கழற்றுங்கள். ஜப்பானில் 85 வயது தாண்டிய 524 பேரைப் பார்த்ததில், மாட்டியபடியே தூங்கியவர்களுக்கு நிமோனியா இரண்டு மடங்குக்கு மேல். கழுவ திரவ சோப்பும் தனி பிரஷும் போதும். பற்பசை கீறும், கீறலில் கேண்டிடா என்ற பூஞ்சை ஒளியும். இரவு முழுக்கக் குளிர்ந்த நீரில் மூழ்கக் கிடக்கட்டும். கொதிநீர் ஊற்றினால் வளைந்துவிடும், அப்புறம் புதுசுதான்.