புயலில் கரை இடிந்த ஓடை: அடிக்கரையை எதனால் காப்பது?

திருகோணமலை உப்புவெளிப் பகுதியில் வீடுகளுக்கு நடுவே ஓடிக் கடலில் சேரும் எங்கள் சிற்றோடையின் கரை, 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் இடிந்தது. இன்னும் இடிந்துகொண்டே இருக்கிறது. மதகுக்குக் கீழே ஓடை திரும்பும் இடத்தின் வெளிக்கரையில்தான் சேதம் அதிகம். அங்கே மேல்மண் வேர்களோடு தொங்கி நிற்க, அடியிலுள்ள மணல் ஒவ்வொரு மழைக்கும் கரைந்து குடைவாகிறது. வேலிக் கிளுவைகள் இரண்டு நீருக்குள் சரிந்துவிட்டன.

மணல் மூட்டைகளை அடுக்கினோம். நீர் அவற்றின் பின்பக்கமாகப் புகுந்து அரித்ததால் வரிசையே சாய்ந்தது. மதகை அடைத்திருந்த கிளைகளையும் பிளாஸ்டிக்கையும் அகற்றிவிட்டோம். நட்ட வெட்டிவேர் மேற்சரிவில் நன்றாகப் பிடித்துள்ளது, அடிக்கரையில் நிற்கவில்லை. கொங்கிறீற்றுச் சுவர் கட்டலாம் என்று சிலர் சொல்கிறார்கள். கண்டல் கன்றுகள் தாமாக முளைத்துவரும் கரையைச் சீமெந்தால் மூட எனக்கு மனமில்லை, நீரின் வேகமும் எதிர்க்கரைக்கே திரும்பும்.

கோடையில் மணல்திட்டு முகத்துவாரத்தை அடைக்கும்போது நீர் உவர்ப்பாகத் தேங்கும் என்பதால், கம்பிக்கூடைகளை இறக்கினால் கம்பி துருப்பிடிக்குமோ என்ற அச்சமும் உண்டு. ஒக்டோபரில் மழைக்காலம் தொடங்குமுன் வேலையை முடிக்கவேண்டும்.

இத்தகைய மணற்கரையின் அடியைக் காக்க, கல் நிரப்பிய கம்பிக்கூடைகளை இறக்குவதா, தென்னந்தும்பு உருளைகளை முளையடித்துப் பதிப்பதா, செய்து பார்த்தவர்கள் எதைப் பரிந்துரைக்கிறீர்கள்?