ஸ்வாட் தரவில் 88 சதவீதம் வந்தும் வழிகாட்டி சிரிக்கிறார், ஏன்?

கேட்டவர்: கடைசி செமஸ்டர்
வணக்கம். முதுநிலைத் திட்டத்துக்கு சிங்கப்பூர் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகத்தின் ஐடிரஸ்ட் இணையப் பாதுகாப்பு ஆய்வு மையத்திலிருந்து தரவு வாங்கினேன். ஆய்வுக்கென்றே ஸ்வாட் என்ற சிறிய குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தைக் கட்டி 2015 முதல் ஓட்டுகிறார்கள். பதிவு 11 நாட்களுக்கு: 7 நாள் இயல்பான ஓட்டம், 4 நாள் அவர்களே நடத்திய 36 தாக்குதல்கள். சென்சார்கள், பம்புகள், வால்வுகள் என மொத்தம் 51 கருவிகளின் நிலை நொடிக்கு ஒரு வரியாக இருக்கிறது. ஒவ்வொரு வரியும் இயல்பா, தாக்குதலா என்று தாக்குதல் நாட்களில் என் நிரல் 88 சதவீதம் சரியாகச் சொல்கிறது. வழிகாட்டி பார்த்துச் சிரித்தார், காரணம் சொல்லவில்லை. எங்கே தவறு?

நள்ளிரவு நிரலர்
அந்த 4 நாட்களின் வரிகளில் தாக்குதல் ஏறத்தாழ 12 சதவீதம்தான். எல்லா வரிக்கும் "இயல்பு" என்று முத்திரை குத்தினாலே 88 வந்துவிடும்.

கடைசி செமஸ்டர்
இப்போதுதான் சரிபார்த்தேன். அதையேதான் செய்திருக்கிறது. ஒன்றைக்கூடப் பிடிக்கவில்லை. அவமானமாக இருக்கிறது.

பழைய ஷிப்ட்காரர்
அவமானம் எதற்கம்மா? எனக்கு நிரல் எழுதத் தெரியாது. குடிநீர் நிலையத்தில் முப்பது வருடம் கருவிகளைப் பராமரித்தவன். ஓர் இரவு தொட்டியில் மட்டம் காட்டும் மிதவை சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டுப் பலகையில் தொட்டி நிறைந்திருந்தது, நிஜத்தில் தரை தெரிந்தது. பம்ப் வறண்டு ஓடி, கிளாண்ட் பேக்கிங் (பம்பின் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் அடைப்பு) கருகிய நாற்றம் வந்த பிறகுதான் ஓடினோம். அன்று பொய் சொன்னது துரு. உங்கள் தரவில் மனிதன், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் தொட்டியை மட்டும் எடுங்கள். மட்டம் காட்டுவது எல்ஐடி-101, தண்ணீரை உள்ளே விடும் வால்வு எம்வி-101, அடுத்த கட்டத்துக்கு இறைப்பது பி-101. ஒரு தாக்குதலில் மட்டக் கணக்கை நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் கூட்டிக்கொண்டே போவார்கள். தொட்டி நிறைகிறது என்று நம்பி வால்வு மூடிக்கொள்ளும், பம்ப் இறைத்துக்கொண்டே இருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் எந்த எண்ணிலும் குற்றம் தெரியாது. சேர்த்துப் பாருங்கள்: வரத்து இல்லை, இறைப்பு நிற்கவில்லை, மட்டம் ஏறுகிறது. எந்த ஊர்த் தண்ணீரம்மா அப்படி நடக்கும்?

நள்ளிரவு நிரலர்
ஐயா சொன்னதை அப்படியே ஒரு விதியாக எழுதலாம். இன்னொன்று: இயல்பு நாட்களின் தொடக்கம் காலித் தொட்டியோடு நிலையத்தைக் கிளப்பிய நேரம். அந்த முதல் சில மணி நேரத்தை வெட்டிவிட்டு நிரலுக்குக் கற்றுக்கொடுங்கள்.

கடைசி செமஸ்டர்
ஐயா, மட்டத்தையும் வால்வையும் ஒரே வரைபடத்தில் போட்டேன். வால்வு 1, அதாவது மூடியது. மட்டம் சாய்வுப் பலகை போல நேராக ஏறுகிறது, பொய் நின்ற நொடியில் செங்குத்தாக விழுகிறது. ஒரு மாதமாக இந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறேன், ஒரு முறைகூடப் படமாகப் போட்டுப் பார்த்ததில்லை. இன்னும் 35 இருக்கின்றன. இரண்டாம் கட்டத்து ரசாயன அளவில் சிக்கினால் உங்களிடம்தான் வருவேன்.

பழைய ஷிப்ட்காரர்
வாருங்கள். குளோரின் பற்றி மட்டும் ராத்திரி கேட்காதீர்கள், தூக்கம் போய்விடும்.