வெள்ளைக் காலனி பிளாஸ்மிட் 2 கேபி பக்கத்திலேயே நிற்கிறது: இன்சர்ட் உள்ளே போகவில்லையா?

கிளிமூக்கு_லேப்:
வணக்கம். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. பயோடெக் இறுதியாண்டு படிக்கிறேன். கிளிமூக்கு மா இலையில் டிஎன்ஏ எடுத்து, பிசிஆரில் கிடைத்த 750 பேஸ் துண்டை (இதுதான் இன்சர்ட்) பியுசி19 என்ற வட்டமான பிளாஸ்மிட் வெக்டரில், ஈகோஆர்ஐ, ஹிண்ட்-3 என்ற வெட்டு என்சைம்களின் தளங்களுக்கு நடுவே ஒட்டினேன். ஆம்பிசிலின் தட்டில் நீலமும் வெள்ளையுமாக பாக்டீரியாக் காலனி வந்தது (இன்சர்ட் உள்ளே போனால் வெள்ளை, போகாவிட்டால் நீலம்). வெள்ளையில் சிலவற்றை மினிப்ரெப் செய்து பிளாஸ்மிட்டைப் பிரித்தெடுத்து, வெட்டாமல் அப்படியே 1 சதவீத அகரோஸ் ஜெல்லில், அளவு தெரிந்த துண்டுகள் கொண்ட 1 கேபி லேடரோடு (1 கேபி என்றால் 1,000 பேஸ்) ஓட்டினேன்.

பியுசி19 மட்டுமே 2,686 பேஸ். இன்சர்ட்டோடு 3.4 கேபி வந்திருக்க வேண்டும். பளிச்சென்ற பேண்ட் 2 கேபிக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது, அதற்கும் மேலே மங்கலாக இன்னொன்று. காலி வெக்டர் அளவுகூட இல்லையே, துண்டு உடைந்து போய்விட்டதா?

இன்னொரு சந்தேகம் லேடர் மேலேயே. பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வந்தது, ஐஸ் பேக் உருகித் தண்ணீராகிவிட்டது. ஓசூர் தாண்டினால் சித்திரை வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மேல் பேண்டுகள் கோடாக இல்லாமல் இழுத்தாற்போல் தெரிகின்றன. லேடர் கெட்டுவிட்டதா?

அரூர்க்காரி:
தங்கச்சி, எதுவும் உடையவில்லை. லேடரில் இருப்பதெல்லாம் நேர்கோட்டுத் துண்டுகள். நீங்கள் ஓட்டியது வட்டமான, முறுக்கேறிய பிளாஸ்மிட். முறுக்கிய கயிறு சந்துக்குள் நுழைவதுபோல் அது அகரோஸ் துளைகளில் வேகமாகப் புகுந்து ஓடிவிடும், அதனால் உண்மை அளவைவிடச் சிறியதாகக் காட்டும். மேலே மங்கலாக இருப்பது ஒரு இழை அறுந்து முறுக்கு தளர்ந்த வட்டம், அது மெதுவாகத்தான் வரும். இரண்டுமே ஒரே பிளாஸ்மிட்தான். வெட்டாத பிளாஸ்மிட்டுக்கு லேடரை வைத்து அளவு சொல்லவே கூடாது. ஜெல் சதவீதம், வோல்ட், எத்திடியம் புரோமைடு எல்லாவற்றையும் பொறுத்து அது இடம் மாறும்.

அவசரத்துக்கு ஒரு வழி இருக்கிறது: நீலக் காலனியின் பிளாஸ்மிட்டையும் வெட்டாமல் பக்கத்துக் குழியில் போடுங்கள். வெள்ளை அதைவிட மேலே நின்றால் ஏதோ உள்ளே போயிருக்கிறது. என்ன அளவு என்று தெரிய வெட்டித்தான் ஆக வேண்டும். ஒரு என்சைமில் மட்டும் வெட்டினால் 3.4 கேபியில் ஒரே பேண்ட், இரண்டிலும் வெட்டினால் 2.6 கேபியும் 750-உம். ஒற்றை வெட்டையும் தவறாமல் போடுங்கள். எந்த என்சைம் வேலை செய்யவில்லை என்பதை அதுதான் காட்டிக்கொடுக்கும்.

ஓசூர்_பெஞ்ச்:
லேடரை 65 டிகிரியில் அஞ்சு நிமிஷம் வைத்து ஐஸில் போட்டுப் பாருங்க, சரியாகிடும். நாங்க அப்படித்தான் செய்வோம்.

பாலக்கோடு_பழைய_கை:
ஓசூர்க்காரர் சொல்வது லாம்டா ஹிண்ட்-3 மார்க்கருக்கு, அதாவது லாம்டா என்ற வைரஸின் டிஎன்ஏவை ஹிண்ட்-3-இல் வெட்டிய லேடருக்கு. லாம்டா டிஎன்ஏவின் இரு முனையிலும் 12 பேஸ் ஒற்றை இழை நீட்டிக்கொண்டிருக்கும். அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் 23,130-உம் 4,361-உம் சேர்ந்து ஓடும், 4.4 கேபி பேண்ட் மங்கிவிடும். அதைப் பிரிக்கத்தான் சூடு. மற்ற லேடர்களை, முக்கியமாக 100 பேஸ் லேடரை, சூடாக்காதீர்கள். சின்னத் துண்டுகள் இழை பிரிந்துவிட்டால் பேண்ட் கலங்கலாகிவிடும்.

வெயில் மேல் பழி போட வேண்டாம். இடிடிஏ கலந்த பஃபரில் டிஎன்ஏ ஒரு பஸ் பயணத்துக்கெல்லாம் கெடாது. எனக்குச் சந்தேகம் வோல்ட் மேல்தான். எவ்வளவில் ஓட்டினீர்கள்?

கிளிமூக்கு_லேப்:
150 சார். கரண்ட் போவதற்குள் முடிக்கலாம் என்று. டேங்க்கில் மின்முனைகளுக்கு நடுவே 15 செ.மீ. இருக்கும்.

பாலக்கோடு_பழைய_கை:
செ.மீ.க்கு 10 வோல்ட் ஆகிறது. பாதி போதும், 75 வையுங்கள். வேகமாக ஓட்டினால் முதலில் இழுபடுவது பெரிய துண்டுகள்தான், டிஏஇ பஃபரும் சூடாகும். பழைய பஃபரைக் கொட்டிவிட்டு, ஜெல்லுக்கும் டேங்குக்கும் ஒரே பஃபர் ஊற்றுங்கள். லேடர் அரை மைக்ரோகிராமுக்கு மேல் வேண்டாம். பளிச்சென்று தெரியட்டும் என்று அள்ளிப் போட்டாலும் இழுக்கும்.

அரூர்க்காரி:
நானும் ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். சில 1 கேபி லேடரில் 500-க்கு அடுத்து 1,000தான், 750 நடுவே அந்தரத்தில் நிற்கும். மறுபக்கக் குழியில் 100 பேஸ் லேடர் போடுங்கள். பொதுவாக அதில் 500-உம் 1,000-உம் மற்றதைவிடத் தடிமனாக இருக்கும், அங்கிருந்து எண்ணலாம். அப்புறம், வெட்டிய சாம்பிளில் உப்பு அதிகம், அதனால் பேண்ட் சற்றுப் பின்தங்கும். லேடரையும் அதே என்சைம் பஃபர், அதே டை கலந்து, அதே அளவில் ஏற்றினால் ஒப்பிட நேராக இருக்கும்.

கிளிமூக்கு_லேப்:
அக்கா, சார், இரண்டு என்சைமிலும் வெட்டி 75 வோல்ட்டில் ஓட்டியாயிற்று! லேடர் கோடு கோடாகப் பிரிந்திருக்கிறது. இரண்டு காலனியில் 700-க்கும் 800-க்கும் நடுவே பேண்ட், மேலே 2.6. ஒன்றில் 2.6 மட்டும். இன்னொன்றில் மூன்று பேண்ட்: 3.4, 2.6, 750. இதில் இரண்டு பிளாஸ்மிட் கலந்திருக்கிறதா?

அரூர்க்காரி:
அநேகமாக முழுசாக வெட்டுப்படவில்லை. 3.4 என்பது ஒரே இடத்தில் வெட்டுப்பட்டது. டிஎன்ஏவைக் குறைத்து, இன்னும் ஒரு மணி நேரம் 37 டிகிரியில் வையுங்கள், அந்த பேண்ட் மறைந்துவிடும். 2.6 மட்டும் வந்ததை ஒதுக்கிவிடலாம்.

பாலக்கோடு_பழைய_கை:
நல்லபடியாக வந்த இரண்டையும், வெக்டரில் இன்சர்ட்டின் இரு பக்கமும் ஒட்டும் எம்13 பிரைமர் வைத்து சீக்வென்சிங் அனுப்பிவிடுங்கள். 750-இல் பேண்ட் நிற்கிறது என்பதால் அது உங்கள் ஜீன்தான் என்று ஆகிவிடாது, பிசிஆரில் ஒரு பேஸ் மாறியிருந்தாலும் ஜெல் காட்டாது. அனுப்பும் முன் அந்தக் காலனிகளை கிளிசரால் ஸ்டாக்காக உறையவைத்துச் சேமித்துவிடுங்கள்.