என் லோயரை வங்கி ஏற்காதாம்: பேனல் முறை யாருக்காக?

ஹரோ_மயூ
லண்டன் ரேனர்ஸ் லேனில் மூன்று அறை வீடொன்று வாங்குகிறேன். மோர்ட்கேஜ் ஒஃபர் கையில். தங்கையின் விசா, அப்பாவின் உயில் எல்லாம் பார்த்த அதே லோயரிடம்தான் இதையும் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து அவரிடமிருந்து போன்: "தம்பி, உங்கட வங்கியின்ட பேனலில நாங்கள் இல்லை." பேனல் என்றால் வங்கி ஏற்றுக்கொள்ளும் லோயர்களின் பட்டியலாம்.

இப்போது வங்கி தனக்கென்று வேறொரு சொலிசிட்டரை வைக்கிறது. அவருடைய கட்டணமும் என் தலையில். வீடு எனக்கு, கடனை 30 வருடம் கட்டப்போவது நான். எனக்கு லோயர் யார் என்று வங்கி எப்படிச் சொல்லலாம்?

கோப்புப்பூச்சி
உங்களுக்கு லோயர் யார் என்று வங்கி சொல்லவில்லை, மயூ. தனக்கு லோயர் யார் என்றுதான் சொல்கிறது. இந்த வேலையில் ஒன்பது வருடமாகக் கோப்புத் தூக்குகிறேன், பெரும்பாலான ஆட்களுக்கு இது தெரிவதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கடனில் வீடு வாங்கும்போது வழக்கமாக உங்கள் சொலிசிட்டரே வங்கிக்கும் சொலிசிட்டர்; அவர் பேனலில் இல்லாவிட்டால்தான் வங்கி வேறு ஆளை வைக்கும். கோப்பு ஒன்று, கட்சிக்காரர் இரண்டு. வீட்டின் உரிமைப் பத்திரத்தை வங்கியில் ஒருவரும் பார்ப்பதில்லை. "உரிமை சரி, காசை அனுப்பலாம்" என்று நாங்கள் கையெழுத்திட்டு அனுப்பும் சான்றிதழை நம்பித்தான் லட்சக்கணக்கான பவுண் எங்கள் கிளையண்ட் அக்கவுண்டுக்கு (கட்சிக்காரர் பணத்துக்கான தனிக் கணக்கு) வருகிறது.

அதற்கு ஒரு கையேடு இருக்கிறது, 1999-இல் வந்தது, இப்போது வங்கிகளின் சங்கமான யூகே ஃபினான்ஸ் பராமரிக்கிறது. முதல் பகுதி எல்லா வங்கிக்கும் பொது. இரண்டாம் பகுதியில் ஒவ்வொரு வங்கியும் தன் தனி விருப்பு வெறுப்புகளை எழுதி வைத்திருக்கும். யாரைப் பேனலில் சேர்ப்பது என்பதும் அந்த வங்கியின் விருப்பம்.

தனிக்கடை
விருப்பம், சரி. விருப்பத்துக்குக் காரணம் வேண்டாமா?

ஈஸ்ட் ஹாமில் 19 வருடமாகத் தனியாக அலுவலகம் நடத்துகிறேன். ஒரு முறைப்பாடு இல்லை, ஒரு இன்சூரன்ஸ் கிளெய்ம் இல்லை. ஒரு நாள் நான்கு வரியில் கடிதம் வந்தது. உங்கள் மூலம் போதிய எண்ணிக்கையில் கடன்கள் முடியவில்லை, ஆகவே நீக்கியிருக்கிறோம். கீழே ஒரு ஆளின் பெயர்கூட இல்லை. யாரிடம் முறையிடுவது?

பேனலில் இல்லையென்றால் கேஸ் வராது. கேஸ் வரவில்லையென்றால் பேனல் கிடைக்காது. இதற்குப் பெயர் தர நிர்ணயமாம்.

மோர்ட்கேஜ்_மாமா
அண்ணை, உங்கள் கோபம் நியாயம். ஆனால் நான் இருபது வருடமாகக் கடன் எடுத்துக் கொடுக்கிறவன், மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

லொயிட்ஸ் டிஎஸ்பி எதிர் மார்க்கண்டன் அண்ட் உத்தின், 2012 அப்பீல் கோர்ட் தீர்ப்பு. வாங்குபவருக்கும் வங்கிக்கும் சேர்த்து ஒரு ஃபர்ம் வேலை செய்தது. விற்பவரின் சொலிசிட்டர் என்று மறுபக்கம் பேசியது, உண்மையான ஒரு ஃபர்மின் கிளை என்று சொல்லிக்கொண்ட போலி அலுவலகம். அங்கே 7,42,500 பவுண் அனுப்பப்பட்டது. விற்பனையே இல்லை, காசும் இல்லை. வங்கியின் பணத்தை நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருந்தீர்கள், பத்திரம் வராமலே அதைக் கைவிட்டு அனுப்பினீர்கள், மன்னிக்க முடியாது என்று கோர்ட் சொன்னது.

தன் காசை யாரின் வங்கிக் கணக்கில் போடுகிறோம் என்று கடன் கொடுப்பவர் பார்க்கக் கூடாதா? நீங்கள் ஒருவருக்கு ஆயிரம் பவுண் கைமாற்றுக் கொடுத்தாலே ஊர், பேர் விசாரிப்பீர்கள்.

தனிக்கடை
அதற்கும் என் அலுவலகத்தின் அளவுக்கும் என்ன தொடர்பு? ட்ரீம்வார் வழக்கையும் படியுங்கோ. 11 லட்சம் பவுண் வீடு, விற்பவன் ஆள்மாறாட்டக்காரன். வாங்கிய கம்பெனிக்கு லோயர் யார்? மிஷ்கான் டி ரேயா, லண்டனின் பெரிய ஃபர்ம்களில் ஒன்று. 2018-இல் அப்பீல் கோர்ட் அவர்களைப் பொறுப்பாக்கியது, விற்பவன் பக்கத்து சொலிசிட்டர்களையும் சேர்த்து. அவ்வளவு பெரிய ஆளும் ஏமாறுகிறான். பிறகு "எண்ணிக்கை குறைவு" என்று சின்னக் கடையை ஏன் மூடுகிறீர்கள்? எச்.எஸ்.பி.சி. 2012 ஜனவரியில் தன் பேனலை 43 ஃபர்ம்களாகச் சுருக்கியது. முழு நாட்டுக்கும் 43! பிறகு கதவைத் திறந்தார்கள், அது வேறு கதை. அப்போது போன கட்சிக்காரர் திரும்பி வரவில்லை.

மோர்ட்கேஜ்_மாமா
எண்ணிக்கைக்கும் காரணம் இருக்கிறது. 2011-இல் அப்போதைய நிதிக் கண்காணிப்பு அமைப்பான எஃப்.எஸ்.ஏ. மோர்ட்கேஜ் மோசடி பற்றி வங்கிகளை ஆராய்ந்து அறிக்கை விட்டது. பேனலை அடிக்கடி பாருங்கள், இயங்காத ஃபர்ம்களை எடுத்துவிடுங்கள் என்பது அதன் போக்கு. வருடத்துக்கு ஒரு கேஸ் செய்கிற அலுவலகத்தின் பெயரை வேறு யாரும் பாவித்தால் வங்கிக்கு உடனே தெரியாது. பயம் அதுதான்.

சென்னை_டு_ஸ்லோ
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஊரில் நான் ஃபிளாட் வாங்கினபோது வங்கியின் பேனல் வக்கீல்தான் தாய்ப்பத்திரம், வில்லங்கம் எல்லாம் பார்த்து லீகல் ஒப்பீனியன் கொடுத்தார். ஃபீஸ் நான் கட்டினேன், ஆளை வங்கி சொன்னது. யாரும் கேள்வி கேட்கவில்லை. இங்கே ஒரே ஆள் இரண்டு பக்கமும் நிற்கிறார் என்பதுதான் எனக்கு விசித்திரமாக இருக்கிறது.

ஹரோ_மயூ
சரி, அப்படியென்றால் பேனலில் சேர என்னதான் வேண்டும்? என் லோயர் "அது பெரிய தலையிடி" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டார்.

கோப்புப்பூச்சி
தலையிடிதான். முதலில் சொலிசிட்டர்களைக் கண்காணிக்கும் எஸ்.ஆர்.ஏ.யின் அங்கீகாரமும், தொழில் தவறுகளுக்கான இன்சூரன்ஸும். கம்பெனியாக நடத்தினால் ஒரு கிளெய்முக்குக் குறைந்தது 30 லட்சம் பவுண், மற்றவர்களுக்கு 20 லட்சம். அது சட்டப்படி எல்லாருக்கும். அப்புறம் பெரும்பாலான பெரிய வங்கிகள் சொலிசிட்டர்களின் சங்கமான லோ சொசைட்டியின் சி.க்யூ.எஸ். முத்திரையைக் கேட்கும், அது வீடு வாங்கும் விற்கும் வேலைக்கான தரச் சான்று. அதற்கு அலுவலகத்தில் ஒருவர் பொறுப்பாளராக நிற்க வேண்டும், ஆட்கள் பயிற்சி முடிக்க வேண்டும், வேலை நடைமுறைகள் எழுத்தில் இருக்க வேண்டும். லோ சொசைட்டி நேரில் வந்து கோப்பைப் பிரித்தும் பார்க்கும். சில வங்கிகள் ஒரே பார்ட்னர் உள்ள ஃபர்மை எடுப்பதே இல்லை. தனிக்கடை அண்ணாவுக்கு அது இன்னொரு சுவர்.

இவ்வளவும் உள்ளே போவதற்கு. உள்ளே இருப்பதுதான் கஷ்டம். பார்ட்னர் ஒருவர் போனால் அறிவிக்க வேண்டும், கிளையண்ட் அக்கவுண்ட் மாறினால் அறிவிக்க வேண்டும், எஸ்.ஆர்.ஏ. கதவைத் தட்டினால் அறிவிக்க வேண்டும். இன்சூரன்ஸ் புதுப்பித்தால் புதுச் சான்றிதழ் ஏற்ற வேண்டும். மறந்தால் கணினி தானாகவே "இடைநிறுத்தம்" என்று காட்டும். அன்றைக்கு கம்ப்ளீஷன் (காசு கட்டி வீடு கைமாறும் நாள்) இருந்தால் தொலைந்தோம்.

நான் பார்த்தவரை, வங்கிக்குக் கோபம் வருவது காசு போனால் மட்டுமில்லை, பேப்பர் வராவிட்டாலும்தான். முதல் வேலையில் ஒரு லீஸ்ஹோல்ட் (நீண்ட காலக் குத்தகை) ஃபிளாட். கம்ப்ளீஷன் முடிந்து சாவி கொடுத்தாயிற்று. பதிவு செய்ய, கட்டடத்தைப் பராமரிக்கும் மேனேஜிங் ஏஜெண்டின் ஒரு சான்றிதழ் வேண்டும், அவர்கள் தரவில்லை. கோப்பு என் மேசையின் கீழ் இழுப்பறைக்குப் போனது. லாண்ட் ரெஜிஸ்ட்ரியில் (நில உரிமைப் பதிவகம்) நாங்கள் செய்யும் தேடல் தரும் பாதுகாப்பு 30 வேலை நாள். அது முடிந்தால், இடையில் வேறு யாராவது அந்த வீட்டின் மேல் உரிமை பதிந்தால் வங்கி பின்னுக்குத் தள்ளப்படும். 30-ஆவது நாள் எனக்குத் தெரியாமலே கடந்து போனது. வங்கியின் மூன்றாவது நினைவூட்டலில் சிவப்பு எழுத்தில் "பேனல் அங்கத்துவம் பரிசீலிக்கப்படும்" என்று இருந்தது. எங்கள் முதலாளி அந்தச் சனிக்கிழமை முழுக்க அலுவலகத்தில் உட்கார்ந்து, முடிந்த கோப்புகள் எல்லாவற்றையும் தரையில் பரப்பி ஒவ்வொன்றாகத் தேதி பார்த்தார். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

தனிக்கடை
இதைத்தான் நானும் சொல்கிறேன், பிள்ளை. தேதி பார்க்கிறவன், கோப்புத் தெரிந்தவன், அவன்தான் நல்ல சொலிசிட்டர். வங்கி அளப்பது அதை இல்லை, தலையை எண்ணுகிறது. என்னிடமிருந்து போன ஒரு அம்மா பேனலில் உள்ள பெரிய ஃபர்மிடம் போனார். டெபாசிட் காசு எங்கிருந்து என்று கேட்டார்களாம், "சீட்டு" என்று சொல்லியிருக்கிறார். திரும்பி மின்னஞ்சல்: மிஸ்டர் சீட்டுவின் பாஸ்போர்ட் பிரதியும் மூன்று மாத வங்கிக் கணக்கும் அனுப்பவும்.

ஹரோ_மயூ
சிரிக்கிறேன், ஆனால் பயமாகவும் இருக்கிறது. என் டெபாசிட்டிலும் 12,000 சீட்டுக் காசுதான்.

மோர்ட்கேஜ்_மாமா
அண்ணை, சிரிப்புக் கதை நல்லது. ஆனால் உங்களிடம் அதே அம்மா வந்தால் "சீட்டுத்தானே, எங்கட சனம்" என்று விட்டுவிடுவீர்களா, மாட்டீர்களா? வங்கியின் பயம் அந்த இடத்தில்தான்.

தனிக்கடை
விடமாட்டேன். சீட்டுப் பிடிப்பவர் யார், எத்தனை மாதம், கழிவு எவ்வளவு என்று கேட்கத் தெரிந்தவன் நான். அவர்களுக்கு என்ன கேட்பது என்றே தெரியவில்லை.

கோப்புப்பூச்சி
இரண்டு பேரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். மயூ, சீட்டை எடுத்தாயிற்றா? இன்னும் எத்தனை மாதம் கட்ட வேண்டும்? கட்டி முடித்த சீட்டு என்றால் அது சேமிப்பு. முதலிலேயே கழித்து எடுத்துவிட்டு மிச்சம் கட்டிக்கொண்டிருந்தால் அது கடன், வங்கிக்குச் சொல்லத்தான் வேண்டும். வீட்டு விலையில் வங்கிக் கடன் போக மீதிக் காசு வாங்குபவரின் சொந்தப் பணம் இல்லையென்றால் அறிவிக்கச் சொல்லிக் கையேடு கேட்கிறது.

"சின்னத் தொகைதானே" என்று நினைக்க வேண்டாம். பிரிஸ்டல் அண்ட் வெஸ்ட் எதிர் மோத்யூ, 1996. வாங்குபவர்கள் இன்னொரு வங்கியிடம் 3,350 பவுண் கடனுக்கு அதே வீட்டை இரண்டாவது ஈடாக வைக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். சொலிசிட்டருக்கு அது தெரியும், படிவத்தில் எழுத மறந்துவிட்டார். அப்பீல் கோர்ட் வரை போனது. துரோகம் இல்லை, கவனயீனம் என்று முடிந்தது. ஆனாலும் ஒரு மனிதனின் பெயர் சட்டப் பாடப் புத்தகத்தில் நிரந்தரமாக ஏறிவிட்டது.

ஹரோ_மயூ
இன்னும் ஒன்பது மாதம் கட்ட வேண்டும்.

மோர்ட்கேஜ்_மாமா
தம்பி, அதை இன்றைக்கே உங்கள் புரோக்கரிடம் சொல்லுங்கோ. பின்னால் வந்தால் ஒஃபரையே திருப்பி எடுப்பார்கள். பேனல் சண்டையை நாங்கள் பிறகு பிடிப்போம்.

தனிக்கடை
இதில் மாமாவுடன் ஒத்துப்போகிறேன். இதில் மட்டும்.

ஹரோ_மயூ
இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். சீட்டைச் சொல்லிவிட்டோம், மாதத் தொகையைச் செலவுக் கணக்கில் சேர்த்துத் திரும்பப் பார்க்கிறார்கள், ஒஃபர் நிற்கும் போலிருக்கிறது. வங்கியின் சொலிசிட்டர் இப்போது புதிதாக ஒன்று கேட்கிறார். அம்மா எங்களுடன் வந்து இருக்கப்போகிறார் அல்லவா, அவர் "வங்கியின் உரிமைக்குப் பின்னால்தான் என் உரிமை" என்று கையெழுத்திட வேண்டுமாம். 17 வயதும் அதற்கு மேலும் ஆகி வீட்டில் இருக்கும் எல்லாரும். அதுவும் வேறொரு லோயரிடம் தனியாக ஆலோசனை பெற்ற பிறகு.

கோப்புப்பூச்சி
அந்த ஆலோசனைக்குப் பெரும்பாலும் பேனல் தேவையில்லை. உங்கள் பழைய லோயர் உங்களுக்காக நிற்பதால் அவர் வேண்டாம். தமிழில் விளக்கக்கூடிய வேறு ஒருவரைப் பிடியுங்கள், அம்மாவுக்கு அதுதான் நல்லது.

தனிக்கடை
திங்கட்கிழமை பத்து மணிக்குப் பிறகு எந்நேரமும் இருப்பேன். அம்மாவின் பாஸ்போர்ட்டைக் கொண்டு வாங்கோ.

மோர்ட்கேஜ்_மாமா
பார்த்தீர்களா, வங்கியே உங்களுக்கு ஒரு கேஸ் அனுப்பியிருக்கிறது.

தனிக்கடை
இதையும் எண்ணிக்கையில் சேர்ப்பார்களா என்று கேட்டுச் சொல்லும்.