அத்தையின் கழுத்து ஸ்கேன்: எங்கள் குடும்பக் குழுவில் நேற்றிரவு

மதுரை அத்தை, 8:14
பிள்ளைகளே, ஸ்கேன் ரிப்போர்ட் வந்துவிட்டது, போட்டோ அனுப்பியிருக்கிறேன். வலது பக்கத் தைராய்டில் 1.8 செ.மீ. கட்டியாம். கீழே டைராட்ஸ் 4 என்று போட்டிருக்கிறார்கள். நாலாவது ஸ்டேஜா? மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.

கயல், ஸ்கேன் டாக்டர், 8:16
ஐயோ அத்தை, அது ஸ்டேஜே இல்லை! முதலில் மாமாவிடம் சொல்லுங்கள். ஸ்கேனில் தெரிகிற ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டுக் கூட்டுகிற முறை அது, அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி 2017-ல் வெளியிட்டது. உங்கள் கட்டி முழுக்கத் திடமாக இருப்பதால் 2, சுற்றியுள்ள தைராய்டைவிடக் கருப்பாகத் தெரிவதால் 2. வேறு எதற்கும் மார்க் விழவில்லை. 4 முதல் 6 வரை வந்தால் நாலாம் பிரிவு, ஓரளவு சந்தேகம் என்று அர்த்தம். தைராய்டு கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை கேன்சர் இல்லை.

கோவை சித்தப்பா, 8:21
சுண்ணாம்புப் புள்ளி இல்லை என்று எழுதியிருக்கிறதே. புள்ளி இல்லாவிட்டால் கேன்சர் கிடையாது என்று எங்கள் ஆபீஸில் ஒருவர் சொன்னார். அப்புறம் எதற்கு ஊசியால் கட்டியில் கொஞ்சம் எடுத்துப் பார்க்கிற ஊசி டெஸ்டுக்கு எழுதியிருக்கிறார்கள்?

கயல், 8:29
சித்தப்பா, அவர் பாப்பிலரி என்கிற தைராய்டு கேன்சர் வகையை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். அதிகம் வருவது அதுதான். கருப்பான திடக்கட்டி, அதற்குள் உப்பைத் தூவினாற்போல் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள், ஓரம் ஒழுங்கில்லாமல் இருக்கும், அகலத்தைவிட உயரம் கூடுதலாக இருக்கும். கழுத்தின் பக்கவாட்டில் இருக்கும் நெறிக்கட்டிகளிலும் அதே புள்ளியோ நீர்ப்பையோ தெரியலாம். அத்தைக்கு அங்கேயும் பார்த்து ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறார்கள், எனக்கு அதில் நிம்மதி. ஆனால் பாப்பிலரியிலேயே புள்ளி இல்லாமலும் வரும்.

கயல், 8:33
ஃபாலிகுலர் என்கிற இன்னொரு கேன்சர் வகையில் பெரும்பாலும் இதெல்லாம் எதுவுமே இருக்காது. ஓரம் வழவழப்பாக, சுற்றி மெல்லிய கருப்பு வளையத்தோடு, சாதாரணக் கட்டி மாதிரியே உட்கார்ந்திருக்கும். ஊசி டெஸ்டில்கூட பிரித்துச் சொல்ல முடியாது, ஆபரேஷனில் எடுத்து, உறையையோ ரத்தக்குழாயையோ துளைத்துக்கொண்டு போயிருக்கிறதா என்று மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். அது பரவினால் ரத்தம் வழியாக எலும்புக்கும் நுரையீரலுக்கும் போகும். புள்ளி இல்லை, விடுங்கள் என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

தம்பி, 8:37
எங்கள் தெருத் தாத்தா ஒருவருக்கு ஒரே மாதத்தில் கழுத்து வீங்கி மூச்சு முட்டியது அக்கா. அதுவும் இதுதானா?

கயல், 8:40
அவர் ஸ்கேனைப் பார்க்காமல் நான் சொல்லக்கூடாதுடா. வயதானவர்களுக்கு வாரக்கணக்கில் பெருக்கிற அனாபிளாஸ்டிக் என்று ஒன்று உண்டு, அபூர்வம். ஸ்கேனில் பெரிதாக, எல்லை தெரியாமல், பக்கத்துத் தசைக்குள்ளும் மூச்சுக்குழாய்க்குள்ளும் புகுந்திருக்கும். அத்தைக்குக் குரல் மாறவில்லை, விழுங்கச் சிரமம் இல்லை, அந்தக் கட்டி மூன்று வருடமாகக் கைக்குத் தட்டுப்படுகிறது. இரண்டையும் சேர்த்துப் பேசாதே.

சென்னை அக்கா, 8:44
பரம்பரையாக வருமா? பாட்டிக்குக் கழுத்தில் பெரிய கழலை இருந்ததே.

கயல், 8:48
பாட்டிக்கு இருந்தது வெறும் கழலைதான், பல வருடம் அப்படியே இருந்தது. பரம்பரையில் முக்கியமாகக் கவனிப்பது மெடுல்லரி வகையை, அதில் நான்கில் ஒன்று பரம்பரை, ரெட் என்கிற மரபணுவில் வரும் மாற்றம். ஸ்கேனில் பாப்பிலரி மாதிரியே கருப்பாக, சில சமயம் பெரிய சுண்ணாம்புத் துண்டுகளோடு இருக்கும். ஸ்கேனை மட்டும் வைத்துப் பிரிப்பது கஷ்டம், ரத்தத்தில் கால்சிடோனின் என்கிற ஹார்மோனைப் பார்த்தால் துப்புக் கிடைக்கும்.

கோவை சித்தப்பா, 8:51
அப்படியானால் நாம் எல்லோருமே ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாமே?

கயல், 8:55
வேண்டாம் சித்தப்பா. தென் கொரியாவில் தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்கெல்லாம் எடுத்தார்கள், 2011-ல் கண்டுபிடித்த தைராய்டு கேன்சர் 1993-ல் இருந்ததைப்போல் 15 மடங்கு. சாவு எண்ணிக்கை மாறவில்லை. தேவையில்லாமல் தைராய்டை எடுத்துவிட்டு ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர்! கட்டி தட்டுப்பட்டால் எடுங்கள்.

மதுரை அத்தை, 9:02
சரி கண்ணு. ஊசி ரொம்ப வலிக்குமா? நான் ஆஸ்பிரின் வேறு சாப்பிடுகிறேன்.

கயல், 9:04
ரத்தம் எடுக்கிற மாதிரி மெல்லிய ஊசிதான் அத்தை, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே குத்துவார்கள். நாலாம் பிரிவில் 1.5 செ.மீ. தாண்டினால் எடுக்கச் சொல்வது வழக்கம், உங்களுக்கு 1.8. ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மதுரை அத்தை, 9:20
மாமாவிடம் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை காலை அவரே கூட்டிக்கொண்டு போகிறாராம். நீ போனை எடு, பேச வேண்டுமாம்.